இடது பொக்கற்

மஞ்சள் இடது பொக்கற்றில், சிவப்பு பின்னால்.
விசில் இரண்டு, ஒன்று நனைந்தால் மற்றது.
பாசையூர்க் கரையில்
மீன்பெட்டி இரண்டைக் கோல் கம்பமாக நட்டு விளையாடியவன்
ரேஸ் கோர்ஸ் நடுவட்டத்தில் நிற்கிறேன்.
நான்கு நாட்டுப் படைகளின் கிண்ணம்.

குதிரை ஓடிய புல்.
யாரோ ஒருவருடைய யுத்தத்தில் விமானம் இறங்கிய புல்.
காலையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டில்
பெனால்டிப் பெட்டி ஒரு சாண் கோணல்.
சொன்னேன்.
சார்ஜன்ட் கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
அழித்துப் போடச் சொன்னார்.
அப்போதே கொஞ்சம் வியர்த்தது எனக்கு.

பேண்ட் இரண்டு கீதம் வாசித்தது.
இரண்டுக்கும் ஒரேமாதிரி நின்றேன்.
நடுவருக்கென்று கீதம் இல்லை.

ஆமிக்காரரின் கால்பந்து வேறுமாதிரி.
பின்னால் நிற்கும் கோப்ரல்
முன்னால் ஓடும் கப்டனிடம்
‘சேர், போல்! சேர்!’ என்று மன்றாட வேண்டும்.
கப்டன் திறந்த கோலுக்கு வெளியே மூன்றுதரம் அடித்தார்.
ஒருவனும் தலையில் கை வைக்கவில்லை.
நேபாளத்து மாற்று ஆட்டக்காரன்
வெளியே வருபவருக்கு சல்யூட் அடித்துவிட்டுத்தான்
கோட்டைத் தாண்டுகிறான்.
அந்த நொடிகளையும் கணக்கில் சேர்த்தேன்.
மரியாதைக்கும் மேலதிக நேரம் உண்டு.

ஐம்பத்தேழாவது நிமிடம்
எங்கள் பதினாலாம் இலக்கம்
(‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்)
பின்னாலிருந்து வழுக்கி வந்து காலை வாரினான்.
விசில்.
வா என்று விரல் காட்டினேன்.
வந்தான்.
கைகளைப் பின்னால் கட்டி, மார்பை நிமிர்த்தி,
என் நெற்றிக்கு மேலே எதையோ பார்த்தபடி நின்றான்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
ஆமர் வீதிச் சந்தியில், இரவு பத்தரைக்கு,
டோர்ச் வெளிச்சத்தில் நான் நின்ற நிற்பு.
பெயர்? பிறந்த இடம்? கொழும்பில் என்ன வேலை?
யாரோடு தங்கல்? பொலிஸ் பதிவு எங்கே?
அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், திரும்ப முன்பக்கம்.
பாசையூர் என்ற சொல்லில்
வெளிச்சம் நகராமல் நின்றுவிடும்.
பின்னால் பஸ் முழுக்க ஆட்கள்,
ஒருவரும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது அட்டை என் கையில்.
பென்சிலும்.
பெயரைக் கேட்டிருக்கலாம்.
புத்தகத்தில் இலக்கத்துக்கு மட்டும்தான் கட்டம்.
பதினாலு.
‘சொறி சேர்,’ என்றான். மீசை சரியாக முளைக்கவில்லை.
நான் வெளிச்சத்தில் நின்ற வருடம்
இவனுக்கு மூன்று வயது இருந்தால் அதிகம்.
டோர்ச்சைப் பிடித்தது இவன் அப்பாவாக இருக்கலாம்.
அல்லது அந்த வருடம்
அப்பா திரும்பி வராத வீடாக இருக்கலாம்.
முழங்காலில் சேறு. அவ்வளவுதான் தெரிந்தது.

ஃப்ரீ கிக்.
பத்து யார் நடந்து அளந்தேன்.
சிப்பாய்கள் ஐந்து பேர்
என் சப்பாத்து சொன்ன இடம்வரை பின்வாங்கினார்கள்.
தேவைக்கு அரை அடி கூடவே அளந்திருப்பேன்,
ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு மழை. முதல் விசில் அடைத்துக்கொண்டது.
இரண்டுக்கு இரண்டு, பெனால்டியில் நேபாளம்.
கப்டன் அடித்தது இன்னும் மரங்களுக்குள் எங்கோ கிடக்கும்.

வாசலில் சென்றி மறித்தான்.
தளபதிகள் வந்த நாள், எல்லாருக்கும் சோதனை.
‘ஐசி?’
கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று, எத்தனை வருடப் பழக்கம்,
எடுத்து நீட்டினேன்.
மஞ்சள்.

அவன் அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு
‘சேர், நான் என்ன செய்தேன்?’ என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வர
நூற்றைம்பத்தைந்து மட்டக்குளி பஸ்
மருதானை தாண்ட வேண்டியிருந்தது.
பக்கத்துச் சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.